ஹீல்ஸ் எழுத்தும் சப்பாத்து எழுத்தும்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இப்படி உட்கார்ந்து எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தவள் நான். அதிலும் கணக்குப் பாடம் இரண்டாம் முறை எழுதித்தான் சித்தி. நீங்கள் மூன்று பேரும் வடிவமைப்பில் டிப்ளோமா எடுத்துவிட்டு அச்சகத்துக்கு வந்தவர்கள். எனக்குப் பேசவும் வராது. பிரியாவிடை அன்று என்னை எழுப்பி விட்டீர்களே, நினைவிருக்கும். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்ல நினைத்தேன். "எல்லாருக்கும்" வரை வந்தது. அதற்குப் பிறகு கேக் வெட்டிவிட்டோம்.

அன்று கேக் சாப்பிடும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "அக்கா, ஒரு புத்தகத்துக்கு எந்தக் கால் எழுத்து எடுக்கிறதுனு எப்படி முடிவு பண்றீங்க?" அப்போது வாய் நிறையக் கேக். பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடம் பக்கங்களை அடுக்கும் அந்த அறையில் இருந்துவிட்டு இதற்குப் பதில் சொல்லாமல் வந்தது சரியில்லை என்று வீட்டில் நினைத்தேன். அதனால் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன்.

கால் எழுத்து என்பது நம் அறைக்குள் வைத்த பெயர்தான். செரிஃப் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம். அந்தப் பாதத்தை வைத்து எழுத்து வரிமேல் நிற்கிறது. கண் வரியை விட்டு விலகாமல் போகிறது. தமிழ் எழுத்துக்குப் பாதம் இல்லை. ஆனால் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து வரும் தமிழ் எழுத்துகள் உண்டு. ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது இரண்டையும் ஜோடி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைத்தான் நான் எழுத வந்தேன். அதை நான் ஒரு பிழை செய்துதான் கற்றேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு மாதா கோயில் பொன்விழா மலர் வந்தது. தலைப்பை மட்டும் இருபது எழுத்தில் போட்டுப் பார்த்து, அழகாக இருந்த ஒன்றை எடுத்தேன். தலைப்பு ஒரு வரி. உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பக்கம். உள்ளே அந்த எழுத்து, வரிசையாக நிற்கும் பல்லு மாதிரி இருந்தது. பங்குத்தந்தை நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து முழுப் பக்கம் நிரப்பிப் பார்க்காமல் எந்த எழுத்தையும் எடுத்ததில்லை. அந்தப் பாடம் சுலபம். அடுத்தது சுலபமில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது. தேயிலைத் தோட்டத்து மக்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் சஞ்சிகை ஒன்றை நாம் அடித்துக்கொண்டிருந்தோம். கண்டியில் ஒரு சின்னச் சங்கம் அதை நடத்தியது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் அதே விஷயம் ஆங்கிலத்தில். பிள்ளைகள் இரண்டையும் பார்த்து ஆங்கிலம் பழகட்டும் என்ற யோசனை. எழுதுகிறவர்களும் தோட்டத்து ஆட்கள்தான். ஆசிரியர் ரிஸ்வானா. கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்தவள். என்னைவிட பதினைந்து வயது இளையவள். பேச்சில் என்னைப் போல நூறு பேருக்குச் சமம்.

"அக்கா, இந்த முறை புதுசா செய்யோணும். பாத்த ஒடனே கையில எடுக்க ஆசை வரோணும்" என்றாள்.

எனக்கு இரண்டு எழுத்தில் மனம் போனது. ஒன்று மெலிந்தது. தடித்த கோடு நல்ல தடிப்பு, மெல்லிய கோடு தலைமயிர் போல. பாதம் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். அதற்கு ஹீல்ஸ் என்று பெயர் வைத்தேன். மற்றது கொஞ்சம் குள்ளம், எல்லாக் கோடும் கிட்டத்தட்ட ஒரே தடிப்பு, பாதம் அகலமாக மண்ணில் ஊன்றியது மாதிரி. அது சப்பாத்து. திரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஹீல்ஸ் கல்யாண வீட்டுக்குப் போகிறது, சப்பாத்து பாடசாலைக்குப் போகிறது.

ஹீல்ஸைப் போட்டேன். தமிழுக்கும் அதற்கு ஜோடியாக மெலிந்ததையே எடுத்தேன்; தமிழ் ஜோடிகளையும் ஹீல்ஸ், சப்பாத்து என்றே சொல்வேன். வெள்ளை வெளேர் என்ற கடதாசியில், ஒஃபிஸ் பிரின்டரில் மாதிரி எடுத்து ரிஸ்வானாவிடம் கொடுத்தேன்.

"மாஷா அல்லாஹ்! கொழும்புல அடிச்ச புத்தகம் மாதிரி ஈக்கிது அக்கா. இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்தது தெரியவில்லை.

அச்சு மெஷினை ஓட்டும் நம் பாஸை உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதினால் கோபிப்பார், அதனால் விடுகிறேன். அவர் அந்த மாதிரியை வாங்கி, ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, சஞ்சிகைக்கு வந்திருந்த கடதாசியில் ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். அது பழுப்பு நிறம், மெல்லியது, கொஞ்சம் சொரசொரப்பு.

"மிஸ், இந்த எழுத்து இந்தக் கடதாசில நிக்க மாட்டாது. இது மை குடிக்கிற கடதாசி. மெல்லிசுக் கோடு எல்லாம் முழுங்கிரும்."

"கொஞ்சம் மை கூட்டிப் போட்டா?"

"கூட்டினா தடிச்சது வீங்கும். கொறைச்சா மெலிஞ்சது போகும். நான் ரெண்டுக்கும் நடுவுல ஓட்டிப் பாக்கிறேன். பொறகு என்ட மெஷினைக் குத்தம் சொல்ல வேணாம். ஹரித? சரியா?"

சரி என்றேன். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. ஆனால் ரிஸ்வானாவிடம் திரும்பிப் போய், நீ புகழ்ந்த எழுத்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, மனமும் இல்லை. கவனியுங்கள், பிழை நடந்தது எழுத்தைத் தேர்ந்த நாளில் அல்ல. இந்த நாளில்தான்.

இதழ் வந்தது. ஒன்றும் மோசமில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே, மேசையில் விரித்து வைத்துப் பார்த்தால் வாசிக்கலாம். யாரும் குறை சொல்லவில்லை. சங்கத்தின் தலைவர், பேராதனையில் நெடுநாள் படிப்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர், "நல்லாயிருக்கு" என்று ரிஸ்வானாவுக்குச் செய்தி அனுப்பினார். அவர் பார்த்தது தொலைபேசியில். ரிஸ்வானா பார்த்ததும் தொலைபேசியில். நான் பார்த்தது திரையில். கடதாசியில் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அடுத்த இதழுக்கான நேரத்தில் ரிஸ்வானா வந்தாள். வழக்கமாகப் படியேறும்போதே அவள் குரல் வந்துவிடும். அன்று ஆள் வந்த பிறகும் குரல் வரவில்லை. கதிரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, சஞ்சிகையை நிப்பாட்டப் போறாங்க. கட்டுக் கட்டா தோட்டத்துல கெடக்குதாம். கயிறுகூட அவுக்கல்லயாம். இனி போன்ல போட்டா போதும் என்டு செல்லுறாங்க. வியாழக்கிழம ஹுன்னஸ்கிரியவுக்குப் போறோம். அங்க தோட்டத்து ஆக்களயும் வெச்சிக் கூட்டம். அதுல முடிவு."

"அப்ப நீங்க?"

"போன்ல போட நான் எதுக்கு? யாரும் போடலாம்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "எட்டு வருஷம் அக்கா. ஒவ்வொரு தோட்டமா ஏறி எறங்கி, ஒவ்வொருத்தரா எழுத வெச்சேன். எழுத வெச்ச ஆக்களே வாசிக்கல்ல என்டா, எனக்கு என்ன செல்லுறது என்டே வெளங்கல்ல."

மக்கள் இப்போது வாசிப்பதில்லை என்று ஒருவர் சொன்னாராம். கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் சரியில்லை என்று இன்னொருவர். எழுத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு கோப்பை பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று மாலை அந்த இதழை ஒரு பிரதி பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆறு மணி இருக்கும், தூறல். இருக்கை கிடைத்தது. எடுத்து விரித்தேன். நான் பக்கம் பக்கமாக அடுக்கிய இதழ். அதை அன்றுதான் முதல் முறையாக வாசிக்கப் போனேன். பஸ் குலுங்க, மேலே ஒரு மஞ்சள் விளக்கு. ஆங்கிலத்தில் 'e' க்கும் 'c' க்கும் வித்தியாசம் தெரியவில்லை; நடுவில் வரும் மெல்லிய கோட்டைக் கடதாசி குடித்துவிட்டது. தமிழில் புள்ளிகள் தூசி மாதிரி. அரைப் பக்கம் வந்தேன், கண்ணில் நீர் வந்தது, மூடிவிட்டேன். மகாவலிப் பாலத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கயிறு அவிழ்க்காத கட்டுகளை நினைத்தேன். அவிழ்த்திருப்பார்கள், மறுபடி கட்டி வைத்திருப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள் காலை பாஸிடம் போனேன். ஒன்றும் விளக்கத் தேவை இருக்கவில்லை. என் கையில் இதழைப் பார்த்ததும், "ஆ, இப்பதான் வாசிச்சதா?" என்று கேட்டார்.

அன்று அதே பழுப்புக் கடதாசியில் ஒரு பாடசாலைப் பரீட்சைத் தாள் ஓட இருந்தது. தாளின் ஓரத்தில், வெட்டி எறியும் பகுதியில் நான்கு விரல் அகலம் வெறுமையாக இருக்கும். அந்த ஓரத்தில் சொந்த விஷயம் எதையாவது அடித்துப் பார்ப்பது நம் அச்சகத்தின் பழைய பழக்கம். பாஸின் மகளுடைய கல்யாண அட்டையைக்கூட அப்படித்தான் முதலில் பார்த்தோம். கடந்த இதழில் வந்த ஒரு கட்டுரையை எடுத்தேன். தோட்டத்துப் பெண் ஒருவர் ஓட்டோ ஓட்டப் பழகிய கதை. அதன் முதல் பகுதியை ஒரு துண்டில் ஹீல்ஸில், இன்னொரு துண்டில் சப்பாத்தில் போட்டேன். ஒரே அளவு, ஒரே அகலம். பாஸ் ஓட்டினார். வெட்டியதும் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். திரையில் பாடசாலைக்குப் போகிற மாதிரி இருந்த சப்பாத்து, அந்தக் கடதாசியில் நிமிர்ந்து நின்றது. மை கொஞ்சம் பரவியதும் இன்னும் நன்றாக இருந்தது. ஹீல்ஸ் தோட்டத்துப் பாதையில் ஏறி விழுந்து கிடந்தது.

அச்சக முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிழை நம்மடனு நாமளே போய்ச் சொல்லணுமா? சொன்னா வேலை வேற அச்சகத்துக்குப் போயிரும். சொல்லாட்டி, வாசிக்காத சனம்னு முடிஞ்சிரும்."

"அவங்க வாசிக்காத சனம் இல்லீங்க."

"யாரு போய்ப் பேசப் போறது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் நான் அவரிடம் பேசியதை எல்லாம் கூட்டினால் ஒரு பக்கம் வராது. "நீயா? சரி, போ போ" என்று சிரித்தார். நான் பேச மாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அனுமதி கிடைத்தது.

ரிஸ்வானாவிடம் சொன்னதுதான் கஷ்டம். முழுவதும் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பாஸ் முந்தியே செல்லி, ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்திச்சா?"

"ஓம்மா."

"நான் நல்லம் என்டு செல்லிட்டேன் என்டா செல்லாம இருந்தீங்க?"

தலையாட்டினேன். அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். "என்ட வேலை போகப் போகுது, நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு ஈந்தீங்க" என்றாள். அது என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. பிறகு திரும்பினாள். "வியாழக்கிழம நீங்களும் வாங்க. நான் ஒண்டும் செல்ல மாட்டேன். நீங்கதான் நடந்ததைச் செல்லோணும்."

மூன்று நாள் வீட்டில் பேசிப் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று, "சேர், நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று ஆரம்பிப்பேன். என் மகள் உள்ளிருந்து, "அம்மா, அந்த சேர் பாவம், இன்னும் காத்துக்கிட்டிருக்காரு" என்பாள். புதன்கிழமை பாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேச வராட்டி பேச வேணாம் மிஸ். ரெண்டு துண்டையும் கையில குடுங்க. என்ட மெஷின் பேசும்."

வியாழக்கிழமை வேனில் ஏழு பேர். பேராசிரியர் நடு வரிசையில் ஜன்னல் ஓரம். எனக்கும் ரிஸ்வானாவுக்கும் அவருக்குப் பின்னால் இடம். திகன தாண்டியது, தெல்தெனிய தாண்டியது. நான் பழகிய முதல் வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ரிஸ்வானா என்னை முழங்கையால் இடித்தாள். மலை ஏறத் தொடங்கியது. வளைவுகள். மறுபடி இடித்தாள்.

"சேர்" என்றேன்.

அவர் திரும்பினார். "ஓம் பிள்ளை?"

அவ்வளவுதான். மற்றது எல்லாம் போய்விட்டது. பையில் இருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். ஹீல்ஸ்தான் கைக்கு வந்தது.

"என்ன இது? வாசிக்கவோ? குடும் பாப்பம்." வாங்கினார். வேன் வலப்பக்கம் சாய்ந்தது. துண்டைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இரண்டு வளைவு போயிருக்கும். "ஏதோ ஓட்டோக்காரருக்கு அறிவித்தல் போல கிடக்கு. பிறகு பாப்பம்" என்று திருப்பித் தந்தார்.

சப்பாத்தை நீட்டினேன்.

அதையும் வாங்கினார். இந்த முறை கை ஆடவில்லை, வேன்தான் ஆடியது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. தோள் குலுங்கியது. சிரிக்கிறார். பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "இதைக் கேளுமன்" என்று சத்தமாக வாசித்தார்: "முதல் நாள் பிரேக் எது என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர், நீதான் என்றார்." வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, மறுபக்கம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். இல்லை.

"மிச்சம் எங்கை பிள்ளை? இது நல்ல எழுத்து. இப்பிடி எழுதுற ஆக்களை வச்சுக்கொண்டு, ஏன் அந்த ஓட்டோ அறிவித்தல் மாதிரிச் சாமான்களைப் போடுறியள்? அதை விட்டுப்போட்டு இந்த மனுசியின்ர கதையைப் போடுங்கோ. ஆர் பிறகு வாசிக்காமல் விடுவினம்?"

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை வந்தது.

"சேர், ரெண்டும் ஒண்ணுதான்."

"எது ஒண்டு?"

"ரெண்டு துண்டும் ஒரே கதை. ஒரு சொல்லுகூட மாத்தம் இல்ல. எழுத்து மட்டும்தான் வேற. முதல்ல தந்தது போன இதழ்ல வந்த எழுத்து. அதைத் தேர்ந்தது நான்."

அவர் கை நீட்டினார். முதல் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஹுன்னஸ்கிரிய வரை இரண்டும் அவர் மடியில்தான் இருந்தன. ரிஸ்வானா என் கையைப் பிடித்திருந்தாள்.

தோட்டத்து மண்டபத்தில் இருபது பேர் போல இருந்தார்கள், அதிகம் பெண்கள். மூலையில் ஓர் அலுமாரி. அதன் கண்ணாடிக்குள் நம் கட்டுகள், கயிற்றோடு. பேராசிரியர் கூட்டத்தைத் தொடங்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அந்த ஓட்டோக் கதை எழுதினது ஆர்?"

பின் வரிசையில் ஒரு பெண் கை தூக்கினார். நாற்பது வயது இருக்கும். "நானுங்க. செல்வராணி."

"அம்மா, அருமையாய் எழுதியிருக்கிறியள். அச்சில வந்த பிறகு வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

அவர் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண், "சொல்லுடி" என்று தள்ளினாள்.

"பாத்தேங்க. கட்டு வந்த அன்னைக்கே அவுத்துப் பாத்தோம். படத்தைப் பாத்தோம், பேரைப் பாத்தோம். படிக்கத்தான் முடியலைங்க, கண்ணு எரிஞ்சிச்சி. நான் எழுதுனதை எனக்கே படிக்க முடியல. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, பெரிய எடத்துல அச்சடிச்சா அப்படித்தான் இருக்கும், நம்ம படிச்ச படிப்புக்கு எட்டாதுனு. அப்பறம் எல்லாரும் மறுபடி கட்டி வச்சிட்டோம். அழுக்காகிடக் கூடாதுனு."

எனக்கு எழும்பு என்று யாரும் சொல்லவில்லை. எழும்பிவிட்டேன். நானும் சாதாரண தரப் படிப்புத்தான். ஓர் எழுத்து தெரியாவிட்டால் என் படிப்புக்கு எட்டவில்லை என்று எத்தனை முறை நானும் மூடி வைத்திருக்கிறேன். அந்தக் கதிரை வரிசைக்கு நடுவில் நின்று சொன்னேன்.

"தங்கச்சி, உங்க படிப்புல ஒரு குறையும் இல்ல. கண்ணுலயும் இல்ல. நான்தான் அந்த எழுத்தைப் போட்டேன். இந்தக் கடதாசிக்கு அது ஆகாதுனு எனக்குச் சொன்னாங்க. அழகா இருக்குனு போட்டேன். பிழை என்னுது."

சப்பாத்துத் துண்டை அவரிடம் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் கூட சரியாக வராத இடம் அது. அவர் நின்ற இடத்திலேயே வாசிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு பேசுகிற வேகத்தில். பிரேக் வரி வந்தபோது மண்டபம் சிரித்தது. பின்னால் யாரோ கத்தினார்கள்: "அப்படியா சொன்னாரு ஓன் புருசன்? வரட்டும் அவரு!"

செல்வராணி நிறுத்தி, "எலே, முழுசாக் கேளுங்கடி" என்று அதட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

பேராசிரியர் ரிஸ்வானாவிடம் திரும்பினார். "ஒரு இதழ் பாப்பம். அந்த எழுத்தில. பிறகும் கட்டு அவிழாட்டி, கதை முடிஞ்சுது. விளங்குதோ?"

விளங்கியது. இனிச் சொல்வதுதான் தொழில். சப்பாத்து கனத்த கால். இடம் கூடப் பிடிக்கும். அதே பக்கங்களில் அதே விஷயம் கொள்ளாது. அளவைக் குறைத்து அடைத்தால் செய்த வேலை வீண். எழுத்தைக் குறைக்காதீர்கள், விஷயத்தைக் குறையுங்கள். நான் இரண்டு பெரிய படங்களை வெட்டினேன். இன்னும் முக்கால் பக்கம் தேவைப்பட்டது. மிச்சம் இருந்தது தலைவர் செய்தி.

ரிஸ்வானா, "நான் கேக்க மாட்டேன், ஒங்களுக்கு இப்ப வாய் தொறந்திட்டே" என்றாள். நானே பேராசிரியருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"சேர், உங்க செய்தியை எடுத்தா செல்வராணியின்ட மிச்சக் கதை முழுசா வரும்."

"என்ர செய்தியை நானே வாசிக்கிறேல்ல. வெட்டும்" என்றார்.

அச்சுக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் அதே கடதாசியில் அடித்து, மாலை பஸ்ஸில் வாசித்தேன். கண் தடுக்கிய இடத்தில் பேனாவால் அடையாளம் போட்டு, காலையில் திருத்தினேன். நீங்கள் என்னைப் பஸ்ஸில் கண்டு, அக்கா ஏன் தாள் தாளாக வைத்துக்கொண்டு போகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காகத்தான். மேசையில் நன்றாக இருக்கும் எழுத்து நூறு உண்டு. நின்ற பஸ்ஸில் எல்லா எழுத்தும் நல்லதுதான். ஓடும் பஸ்ஸில் வாசிக்க முடிந்தால், அதை எடுங்கள். அதைப் பார்த்து யாரும் மாஷா அல்லாஹ் சொல்ல மாட்டார்கள். எழுத்து நன்றாயிருக்கிறது என்று சொல்லாமல், கதை நன்றாயிருக்கிறது என்பார்கள். அது நமக்குக் கிடைத்த புகழ் என்று எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

இதழ் போய் ஒரு மாதம் இருக்கும். படியிலேயே ரிஸ்வானாவின் குரல் கேட்டது.

"அக்கா! அலுமாரி காலி அக்கா! கயிறு மட்டும்தான் ஈக்கிது!"

மூச்சு வாங்க வந்து, பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து என் மேசையில் வைத்தாள். நான் அடுக்கிய இதழ்தான். ஆனால் அடையாளம் தெரியவில்லை. மூலையில் ஓட்டை போட்டு நூல் கட்டியிருந்தது, சுவரில் ஆணியில் மாட்டுவதற்கு. அட்டையில் தேநீர்க் கோப்பையின் வட்டம். உள்ளே ஆங்கிலப் பக்கம் முழுக்கப் பென்சில் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கு மேலும் ஒரு பிள்ளையின் கையெழுத்தில் தமிழ்ச் சொல். செல்வராணியின் பக்கம் மடித்து மடித்து நூலாகிவிட்டது.

"இத வாங்க அரை மணித்தியாலம் கெஞ்சினேன். காட்டிட்டுத் திருப்பித் தரோணும் என்டு செல்லித்தான் தந்தாங்க. அடுத்த முறை ரெட்டிப்பா அடிக்கச் செல்லி சேரே செல்லிட்டார்."

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். அதைக் கையில் எடுத்துப் புரட்டி, என்னைப் பார்த்து, "இவ்வளவு அழுக்கா?" என்றார். ஆனால் கீழே வைக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டே நின்றார். பாஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு விரலால் மட்டும் பக்கத்தைத் திருப்பினார். "சொன்னேன் தானே மிஸ்" என்றார். "மெஷின் பேசும்."

நான் அன்று அழவில்லை. சத்தமாகச் சிரித்தேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கும் நான் வெட்கப்படவில்லை.

மறுநாள் காலை மழை. கடதாசி ஈரம் குடித்துவிட்டதால் பத்து மணி வரை மெஷின் ஓடவில்லை. எனக்குத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் லேபல் ஒன்று வந்தது. போத்தலை யாரும் வரி வரியாக வாசிப்பதில்லை; அதற்குக் கால் இல்லாத எழுத்துப் போட்டேன்.